பட்டியலில் ஏறாத மாட்டுக்கொட்டகை

அன்புள்ள செல்வம்,

மலேசியாவின் பிரிக்ஃபீல்ட்ஸில் துன் சம்பந்தன் சாலைப் பூக்கடைகளுக்குப் பக்கத்தில் தங்கியிருக்கிறேன். விடியும் முன்பே அட்டைப்பெட்டிகளில் செவ்வந்தி வந்து இறங்குகிறது. கேமரன் மலைப் பூவாம். மாலை கட்டும் அக்காவிடம் கொரோனா காலத்தைப் பற்றிக் கேட்டேன். "கோயிலையெல்லாம் சாத்திட்டாங்க தம்பி, பூவை யாரு வாங்குவா? கவர்மெண்டு ஆயிரத்து அறுநூறு வெள்ளி கொடுத்துச்சு, அதுல ரெண்டு மாசம் ஓடுச்சு" என்றார்.

2020 மார்ச் 18 அன்று இங்கே நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. 27ஆம் தேதியே பிரதமர் முகிதீன் யாசின் 25,000 கோடி வெள்ளிக்கு, அதாவது ரிங்கிட்டுக்கு, நிவாரணத் திட்டம் அறிவித்தார். மாதம் 4,000 வெள்ளிக்குள் வருமானமுள்ள குடும்பத்துக்கு ஏப்ரலில் 1,000, மே மாதம் 600. பழைய உதவித்தொகைப் பட்டியலில் பெயர் இருந்தவர்களுக்கு மனுப் போடாமலே பணம் வந்தது. அந்த வேகத்தை மனதாரப் பாராட்டுகிறேன். உணவு உற்பத்திக்கென்று தனியாக 100 கோடி வெள்ளி ஒதுக்கினார்கள். வட்டார விவசாயிகள் சங்கங்களுக்கும் மீனவர் சங்கங்களுக்கும் பணம் உண்டு. ஆனால் அந்த நாட்களில்தான் கேமரன் மலையில் காய்கறியை ஏற்றி அனுப்ப வழியில்லாமல் கொட்டி அழித்தார்கள்.

இந்தப் பணம் எதுவும் எட்டாத ஒரு பெரியவரைக் கிள்ளானுக்கு வெளியே பார்த்தேன். தகரக் கூரைக் கொட்டகையில் பதினைந்து மாடுகள். சாணத்தை வழித்துப் போட்டுக்கொண்டே பேசினார். நிலம் வேறு யாருடையதோ. அவர் எந்த விவசாயிகள் சங்கத்திலும் இல்லை. சிவப்பு அடையாள அட்டைக்காரர், அதாவது நிரந்தரவாசி, குடியுரிமை கிடைக்கவேயில்லை. நிவாரணமோ குடிமக்களுக்குத்தான். வாழ்நாள் முழுக்க இந்த மண்ணில் பால் கறந்தவருக்கு ஒரு வெள்ளிகூட வரவில்லை. கோயிலும் சாப்பாட்டுக் கடையும் பால் வாங்குவதை நிறுத்திய பிறகு என்ன செய்தார்? "கறக்காம விட முடியுமாய்யா? மடி கட்டிக்கும். கறந்து அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன்" என்றார். தவிடு வாங்க இரண்டு மாடுகளை விற்றிருக்கிறார்.

பேரிடர் வந்த பிறகு யாரும் உட்கார்ந்து புதிதாகப் பட்டியல் எழுதுவதில்லை. இருக்கிற பட்டியலில்தான் பணம் போகிறது. அதனால்தான் சீக்கிரம் போகிறது. அதனால்தான் இவரைப் போன்றவர்கள் விடுபடுகிறார்கள். நம் ஊரிலும் அதேதான் நடந்தது. மலேசிய அறிவிப்புக்கு முதல் நாள், மார்ச் 26 அன்று, விவசாயிகளுக்கான பிஎம் கிசான் உதவித்தொகைத் தவணை 2,000 ரூபாயை ஏப்ரலிலேயே தருவதாக தில்லியில் அறிவித்தார்கள். அது பட்டா வைத்திருப்பவனுக்கு. வயலில் இறங்கி நாற்று நட்ட குத்தகைக்காரன் நீ, உனக்கு வரவில்லை. அதே ஆண்டு தமிழ்நாட்டில் விவசாயமே செய்யாத பல லட்சம் பேரை அந்தத் திட்டத்தில் சேர்த்து, 110 கோடி ரூபாய் வரை சுருட்டியது அம்பலமானது. எனக்கு இன்னும் ஆறவில்லை. பொய்ப் பெயர் ஏற முடிந்த கணினியில் உன் பெயருக்கு இடமில்லாமல் போயிற்றே!

ஒன்று கேட்கிறேன், தட்டாதே. 1969ஆம் ஆண்டுக் குத்தகைப் பதிவுச் சட்டம் நமக்கு இருக்கிறது. உன் குத்தகை பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்று தாலுகா அலுவலகத்தில் விசாரி. ஏறவில்லையென்றால், நில உரிமையாளர் முகம் சுளித்தாலும் மனுக் கொடுத்துவிடு. நான் ஊருக்கு வந்ததும் கூடவே வருகிறேன்.

அன்புடன்,
முத்து