காணிக்கைக்குக் கணக்கு உண்டா?

திருநெல்வேலிச் சீமையில் பள்ளியும் கோயிலும் கட்டிய எஸ்.பி.ஜி. என்ற ஆங்கிலேய மிஷனரிச் சங்கத்தை இன்றும் நன்றியோடுதான் நினைக்கிறோம். கால்டுவெல் ஐயர் இடையன்குடியில் ஊழியம் செய்தது அந்தச் சங்கத்தின் மிஷனரியாகத்தான். அதே சங்கத்துக்கு, 1710இல் இறந்த கோட்ரிங்டன் என்பவரின் உயில் வழியாக, பார்படோஸ் தீவில் கரும்புத் தோட்டங்கள் கிடைத்தன. அங்கே உழைத்த ஆப்பிரிக்க அடிமைகளின் நெஞ்சில், பழுக்கக் காய்ச்சிய இரும்பால் ‘சொசைட்டி’ என்று சூடு போட்டார்கள். கேன்டர்பரி பேராயரே தலைவராக இருந்த சங்கம் அது! அடிமைமுறையை ஒழித்தபோது இழப்பீடாக 8,823 பவுண்ட் வந்தது. வாங்கிக்கொண்டது சங்கம். சூடு பட்டவர்களுக்குச் சல்லிக்காசு இல்லை.

2023இல் அதன் வாரிசான யு.எஸ்.பி.ஜி., அங்குள்ள அந்த அடிமைகளின் சந்ததியாருக்காக 70 லட்சம் பவுண்ட் ஒதுக்குவதாக அறிவித்தது. ரொம்பத் தாமதம். ஆனாலும் பழைய கணக்கைத் திறந்து காட்டினார்களே, அதை மதிக்கிறேன்.

நம் சபைகளிலோ மிஷனரி காலத்து நிலத்தின் கணக்கைக் கேட்டால், ‘அபிஷேகம் பெற்றவர்களை எதிர்த்துப் பேசாதே’ என்று வாயை அடைக்கிறார்கள். விதவைத் தாய் முந்தானையில் முடிந்துவைத்துப் போடும் பத்து ரூபாயும் சபைக் கணக்கில்தான் சேர்கிறது. சபையாரே, அடுத்த சபைக்கூட்டத்தில் எழுந்து நின்று கேளுங்கள். தணிக்கை அறிக்கையை அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள்.