தொலைபேசியின் மறுமுனை

தொலைவைச் சுருக்குவதற்கென மனிதன் ஆக்கிய கருவிகளுள் தொலைபேசி தலையாயது என்பர். ஆயினும், நிலத்தின் தொலைவு ஒன்று; மனிதர்க்கிடையிலான தொலைவு வேறொன்று. முன்னையதைக் கம்பி கடந்துவிடும். பின்னையதைக் கடப்பதற்கு, மறுமுனையில் தொலைபேசியைக் கையிலெடுப்பவரின் மொழியும் மனமும் வேண்டும். ஊவா மாகாணத்துத் தோட்டங்களில் தொலைபேசி வந்த வழியை நோக்குவோர்க்கு இவ்வேறுபாடு நன்கு புலனாகும்.

1924 ஆம் ஆண்டிற் புகையிரதப் பாதை பதுளையை வந்தடைந்தது. தேயிலைப் பெட்டிகள் கொழும்புக்குச் செல்லும் வழி அதனால் எளிதாயிற்று. ஆனால் பசறை, லுணுகலை, மடூல்சீமை, நமுனுகுலை முதலிய மலைப்பகுதிகளில் வாழ்ந்த தொழிலாளரின் சொல் வெளியே செல்லும் வழி நெடுங்காலம் ஒன்றாகவே இருந்தது. அது தோட்டக் கந்தோரின் வழி. அவர்களுக்கு வரும் கடிதம் கந்தோருக்கே வந்தது. தோட்டத்துக்குத் தொலைபேசி வந்தபோதும் அது துரையின் பங்களாவிலும் கந்தோர் மேசையிலுமே அமர்ந்தது. லயத்தில் ஒருவருக்கு நோய் முற்றினாலும், பிறிதொரு தோட்டத்து உறவினருக்குக் கேதம் சொல்லவேண்டியிருந்தாலும், கந்தோர் வாசலில் நின்று கிளாக்கர் ஐயாவிடம் முறையிடவேண்டும். அவர் மனமிரங்கினால் அச்சொல் கம்பியேறும். அவ்வாறு இரங்கிய கிளாக்கர்மார் பலர் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், ஒருவரின் இரக்கத்தைச் சார்ந்து நிற்பது உரிமையாகாது.

இடையில் நிற்பவரை நம்பியிருக்கவேண்டிய நிலை தோட்டத்துக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் ஈமச்சடங்குத் தொழில் செய்த அல்மன் ஸ்ட்ரோஜர் என்பவர், தமக்கு வரவேண்டிய அழைப்புகளை இணைப்பகத்திலிருந்த பெண்ணொருவர் போட்டியாளருக்குத் திருப்பிவிடுகிறார் என ஐயுற்று, மனிதர் கைபடாது இணைப்பை ஏற்படுத்தும் பொறியை ஆக்கினார் எனக் கூறுவர். அதற்கான காப்புரிமையை அவர் 1891 இற் பெற்றார். இடையாளை நீக்கவேண்டும் என்ற வேட்கையே தொலைபேசியின் வளர்ச்சியில் ஒரு பெருந்திருப்பத்துக்குக் காரணமாயிற்று எனலாம்.

தோட்டத்து இடையாளை நீக்கியது கையடக்கத் தொலைபேசி. 1989 இல் இலங்கையில் இச்சேவை தொடங்கியபோது அது செல்வர்தம் பொருளாகவே இருந்தது. காலப்போக்கில் அது லயத்துக்கும் வந்தது. கொழும்பிற் கடையொன்றில் வேலை செய்யும் மகனோடும், மத்திய கிழக்கில் வீட்டுப் பணியிலிருக்கும் மகளோடும் தாயொருத்தி இன்று கிளாக்கரின் தயவின்றிப் பேசுகிறாள். இது சிறிய மாற்றமன்று.

எனினும், குடும்பத்தோடு பேசுவது வேறு; அலுவலகத்தோடு பேசுவது வேறு. ஆண்டுகள் பல கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற பெண்ணொருத்தி தன் ஊழியர் சேமலாப நிதியைப் பற்றி அறிய அரச அலுவலகமொன்றை அழைப்பதாகக் கொள்வோம். "ஐயா, நான் தோட்டத்திலயிருந்து பேசுறேன். சேமலாபப் பணத்துக்குக் கடுதாசி குடுத்தேன்..." என்று அவள் தொடங்குகிறாள். மறுமுனையில் சிறு மௌனம். பின்னர், "பஸ்ஸே கன்ன" என்று சிங்களத்தில் ஒரு குரல், பிறகு எடுக்குமாறு கூறுகிறது. அக்குரலுக்குரியவர் கொடியவரல்லர், அவருக்குத் தமிழ் தெரியாது. தமிழறிந்த உத்தியோகத்தர் வேறு அறையிலோ வேறு ஊரிலோ இருக்கிறார். மணியொலித்த மேசை ஒன்று. விடையளிக்கக்கூடியவரின் மேசை இன்னொன்று. அப்பெண் மறுநாட் கூலியை இழந்த பேரன் ஒருவனைத் துணைக்கழைத்துக்கொண்டு பஸ் ஏறுகிறாள்.

அலுவலகங்களில் இன்று இடம்பிடித்துவரும் இணையவழி மேசைத் தொலைபேசி கருத்திற்கொள்ளத்தக்கதாவது இவ்விடத்திலேதான். பழைய தொலைபேசியில் ஓர் எண் என்பது ஒரு கம்பி. அக்கம்பி ஓர் அறையில் முடியும். புதிய கருவியோ தோற்றத்தில் தொலைபேசியாயினும் உண்மையில் ஒரு சிறு கணினியாகும். பேசுபவரின் குரலை அது வழக்கமான முறையொன்றில் ஒரு விநாடிக்கு 8000 முறை அளந்து எண்களாக மாற்றுகிறது. அவ்வெண்களைச் சிறு பொதிகளாகக் கட்டி, விநாடிக்கு 50 பொதிகள் என்ற அளவிற் கணினி வலையமைப்பினூடாக அனுப்புகிறது. மறுமுனைக் கருவி அவற்றை வரிசைப்படுத்தி மீண்டும் குரலாக்குகிறது. அழைப்பைத் தொடங்கவும் முடிக்கவும் வேண்டிய 'சிப்' என்னும் பொதுநெறி 1999 இல் வெளியிடப்பெற்று 2002 இல் திருத்தியமைக்கப்பட்டது. இந்நெறியின்படி ஒவ்வொரு கருவியும் தான் இருக்குமிடத்தை ஒரு நடுவக் கணினியிற் பதிந்துகொள்கிறது. ஆகவே எண் இனிக் கம்பியின் பெயரன்று. பணியின் பெயர், அல்லது பணியாற்றுபவரின் பெயர்.

இதன் பயன் யாது? பசறையிலுள்ள ஓர் அலுவலகத்துக்கு வரும் தமிழ் அழைப்பை, பண்டாரவளையிலோ பதுளை நகரிலோ இருக்கும் தமிழறிந்த உத்தியோகத்தரின் மேசையில் ஒலிக்கச் செய்யலாம். அவர் விடுமுறையில் நின்றால் அது அடுத்தவரின் மேசைக்குச் செல்லும். பத்து அலுவலகங்களுக்குத் தமிழறிந்தோர் மூவரே இருப்பினும், அம்மூவரும் பத்து அலுவலகங்களின் குரலாகலாம். 2016 இல் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் விரிந்த 1990 நோயாளர் காவுவண்டிச் சேவை இத்தகையதே. எங்கிருந்து அழைத்தாலும் நடுவ நிலையம் ஒன்றே அழைப்பை ஏற்று, அண்மையிலுள்ள வண்டியை அனுப்புகிறது. உயிர் காக்கும் பணிக்கு இயன்றது, சேமலாப நிதி பற்றிய வினாவுக்கு இயலாததாகாது.

சட்டமோ ஏலவே வழிவகுத்துள்ளது. 1987 இன் பதின்மூன்றாம் அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988 இன் பதினாறாம் திருத்தம் நிருவாக மொழி பற்றிய விதிகளை விரித்தது. 1999 இற் பதுளை மாவட்டத்தின் பசறை, ஹாலிஎல, எல்ல, பண்டாரவளை, அப்புத்தளை, ஹல்துமுல்லை, மீகஹகிவுல ஆகிய ஏழு பிரதேச செயலாளர் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாகப் பிரகடனம் செய்யப்பட்டன. தமிழறிந்தவர் இவ்விடத்தில் இல்லை என்ற விடைக்குக் கம்பியின் காலத்தில் ஓரளவு நியாயம் இருந்திருக்கலாம். எண் கம்பியினின்றும் விடுபட்ட பின்னர் அந்த நியாயம் வலுவிழக்கிறது.

இக்கருவியின் குறைகளையும் மறைத்தலாகாது. பழைய தொலைபேசி தனக்கு வேண்டிய மின்னை இணைப்பகத்து மின்கலங்களிலிருந்து, ஏறத்தாழ 48 வோல்ற்று அளவில், அதே செம்புக் கம்பி வழியாகப் பெற்றது. ஊரில் விளக்கணைந்தாலும் அது பேசும். இணையவழித் தொலைபேசியோ அலுவலகத்து மின்சாரத்தை நம்பியது. மின் நின்றால் எல்லா மேசைகளும் ஒருசேர ஊமையாகும். ஊவாவில் இது சிறு குறையன்று. 2014 ஒக்டோபர் 29 ஆந் திகதி காலையிற் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. 2025 நவம்பரில் டித்வா சூறாவளியின்போது பதுளை மாவட்டம் உட்பட மலையகத்தின் பல பகுதிகளில் மண்சரிவுகள் நேர்ந்ததோடு மின்சாரமும் தொலைத்தொடர்பும் தடைப்பட்டன. அழைப்பு மிகவும் வேண்டப்படும் வேளையும் மின் நிற்கும் வேளையும் இம்மலைகளில் ஒன்றாகவே வருகின்றன. எனவே சேமிப்பு மின்கலமும், மின் நின்றதும் அழைப்பைக் கையடக்கத் தொலைபேசிக்குத் திருப்பும் ஒழுங்கும் இன்றி இக்கருவியை நிறுவுதல் முறையாகாது.

மற்றொரு குறை பொறிக்குரல். இன்ன சேவைக்கு இன்ன எண்ணை அழுத்துக என நீண்டுசெல்லும் பட்டியலிற் தமிழ் இறுதியில் வருமாயின், அதற்குள் அழைப்பவரின் முற்பணம் தீர்ந்துவிடும். எழுத்தறியாத முதியோர்க்கு அப்பட்டியல் இன்னொரு கந்தோர் வாசலாகும். முன்னர் வாசலில் ஒரு கிளாக்கராவது இருந்தார். அவரிடம் கெஞ்சவாவது முடிந்தது. பொறியிடம் கெஞ்சமுடியாது.

ஆகவே கருவியை வாங்குவோர் முதலில் விடைகாண வேண்டிய வினா, எத்தனை மேசைகளில் அது வைக்கப்படும் என்பதன்று. தமிழ் அழைப்பு எந்த மேசையில் ஒலிக்கும், அங்கே அமர்ந்திருப்பவர் யார் என்பதேயாகும். அழைப்பை எங்கு வேண்டுமாயினும் கொண்டுசெல்லக் கருவியால் இயலும். அங்கே ஒரு மனிதரை அமர்த்த அதனால் இயலாது. அது நியமனம் செய்வோரின் கடமை. பதுளையிலும் அப்புத்தளையிலும் பிறந்து, பட்டம் பெற்று, இருமொழியிலும் பேசவல்ல இளைஞர் அப்பணிக்கு இல்லாமலில்லை. "சொல்லுங்க அம்மா" என்று மறுமுனையில் ஒருவர் கூறுவாராயின், அந்தப் பெண்ணுக்கு அன்றைய பஸ் பயணம் மிச்சமாகும். பேரனுக்கு ஒருநாட் கூலி மிச்சமாகும்.