ஒரு புள்ளி தப்பினால்...

"அம்மா, நீ பேசாம இரு. உனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது!"

ஒன்பதாவது படிக்கும் என் மகன் இப்படிச் சொன்னபோது சுருக்கென்றது. தெரியாதுதான். நான் பத்தாவது வரை படித்தவள். ஆனால், அரைப் பரீட்சையில் கணக்கில் 38 மார்க் வாங்கி வந்த பிள்ளை, இரவு பதினொரு மணிக்குப் போர்வைக்குள் செல்போனில் விளையாடிக் கொண்டிருந்தால் எந்தத் தாய்தான் பேசாமல் இருப்பாள்? போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன். நான்கு நாள் என்னோடு அவன் முகம் கொடுத்துப் பேசவில்லை. சாதம் போட்டால் சாப்பிடுவான், எழுந்து போய்விடுவான். இவரோ, "அம்மா பிள்ளை சண்டையில என்னை இழுக்காதே" என்று ஒதுங்கிக் கொண்டார்.

ஐந்தாம் நாள் அவனே வந்தான். பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு, 'வீட்டுக்கு வந்த கம்ப்யூட்டர்' என்று சார்ட் எழுத வேண்டுமாம். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்பதால் வீட்டில் சார்ட் எழுதுவது எப்போதும் என் வேலை. "சரி, சொல்லு" என்று ஸ்கெட்ச் பேனாவுடன் உட்கார்ந்தேன்.

அப்பாவின் லேப்டாப்பில் பழைய அமெரிக்க, இங்கிலாந்துப் பத்திரிகைகளைக் காட்டினான். யாரோ பத்திரமாக வைத்திருந்ததைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள். அவன் சொல்லச் சொல்ல எழுதிய எனக்கே சுவாரஸ்யம் பிடித்துக் கொண்டது.

1974-ல் அமெரிக்காவில் டேவிட் ஆல் என்பவர் 'கிரியேட்டிவ் கம்ப்யூட்டிங்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். 1981-ல் இங்கிலாந்தில் 'கம்ப்யூட்டர் அண்ட் வீடியோ கேம்ஸ்' வந்தது. அடுத்த வருஷமே அங்கே 'ஸ்பெக்ட்ரம்' என்ற சின்ன கம்ப்யூட்டர் விற்பனைக்கு வந்தது. அதை வீட்டு டி.வி.யோடு இணைத்துக் கொள்ளலாம். விளையாட்டுகளைப் பாட்டு கேசட் மாதிரி கடையில் விற்றார்கள். காசு குறைந்த பிள்ளைகளுக்குப் பத்திரிகைதான் கதி. அதில் விளையாட்டையே அச்சடித்துக் கொடுத்தார்கள்!

எப்படி என்கிறீர்களா? 'பேசிக்' என்ற கம்ப்யூட்டர் மொழியில், 10, 20, 30 என்று எண் போட்டு வரி வரியாக அச்சிட்டிருக்கும். நடுவில் ஒரு வரி சேர்க்க வேண்டுமானால் 15 என்று நுழைத்துக் கொள்ளத்தான் அந்த இடைவெளி. பிள்ளைகள் அதைப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாக அடிக்க வேண்டும். முடிந்ததும் கேசட்டில் பதிவு செய்யவேண்டும். அதற்குள் கரண்ட் போனால் அத்தனையும் போச்சு!

"நம்ம மார்கழிக் கோலப் புத்தகம் மாதிரிதான்டா இது" என்றேன். 15 புள்ளியில் தொடங்கி 8-ல் முடியும் இடைப்புள்ளிக் கோலத்தில் ஒரு புள்ளி தப்பினால் என்ன ஆகும்? இங்கேயும் அதே கதைதான். ஒரு கமா விட்டுப் போனால் விளையாட்டு ஓடாது. சில சமயம் பத்திரிகையிலேயே பிழை இருக்குமாம்! அடுத்த இதழில் திருத்தம் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். 'கம்ப்யூட்ஸ் கெஜட்' என்ற பத்திரிகை 1983 அக்டோபரில் இதற்கு ஒரு வழி செய்தது. வரியை அடித்ததும், அதிலுள்ள எழுத்துக்களை வைத்துக் கணக்குப் போட்டு கம்ப்யூட்டர் ஓர் எண் காட்டும். பத்திரிகையில் அந்த வரிக்கு அச்சிட்டிருக்கும் எண்ணோடு அது ஒத்துப் போகவேண்டும். மாசக் கடைசியில் பால்காரர் கணக்கையும் நம் காலண்டர் கணக்கையும் நாம் ஒத்துப் பார்ப்பதில்லையா, அது மாதிரி!

சார்ட்டில் ஒரு மூலையை நான் பிடிவாதமாகப் பெண்களுக்கு ஒதுக்கினேன். 1975-ல் வந்த 'பைட்' பத்திரிகையை ஆரம்ப நாளிலேயே பொறுப்பேற்று நடத்தியவர் வர்ஜீனியா லண்ட்னர் கிரீன். 1981-ல் 'எலெக்ட்ரானிக் கேம்ஸ்' பத்திரிகையைத் தொடங்கிய மூவரில் ஜாய்ஸ் வோர்லி ஒருவர். 1988-ல் 'நின்டெண்டோ பவர்' இதழுக்கு முதல் ஆசிரியை கெயில் டில்டன். அந்த வேலைக்கு அழைப்பு வந்தபோது அவர் கைக்குழந்தையோடு வீட்டில் இருந்தாராம்! இதை எழுதும்போது என் கை சற்று நின்றது.

"அம்மா, ஒண்ணு அடிச்சுப் பார்க்கலாமா?" என்றான் மகன். பழைய கம்ப்யூட்டர் போலவே லேப்டாப்பை நடிக்க வைக்கலாமாம். கம்ப்யூட்டர் 1 முதல் 100-க்குள் ஓர் எண்ணை நினைத்துக் கொள்ளும், நாம் கண்டுபிடிக்க வேண்டும். இருபது வரிதான். அவன் இரண்டு விரலால் தேடித் தேடி அடிப்பதைப் பார்த்துப் பொறுக்கவில்லை. "நகர்ந்துக்கோ" என்றேன்.

கல்யாணத்துக்கு முன் நான் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்தவள். 'ஏ எஸ் டி எஃப், செமிகோலன் எல் கே ஜே' என்று வருஷக்கணக்கில் தட்டிய விரல்கள். அதற்குப் பிறகு அரிசி களைந்ததும் துணி பிழிந்ததும்தான். ஆனாலும் விரல் மறக்கவில்லை! மகன் வாயைப் பிளந்து பார்த்தான்.

ஓடவிட்டோம். 60 என்றால் 'பெரிது' என்றது. 20 என்றாலும் 'பெரிது'. கடைசியில் விடை 1. மறுபடி ஆடினோம், மறுபடியும் 1! வரி வரியாக ஒப்பிட்டும் அவனுக்குப் பிழை அகப்படவில்லை. எனக்குத்தான் பளிச்சென்று பட்டது. நான் பழகிய டைப்ரைட்டரில் 1 என்ற கட்டையே கிடையாது. சின்ன 'எல்' எழுத்தைத்தான் ஒன்றாக அடிப்போம். 100 என்ற இடத்தில் பழைய ஞாபகத்தில் 'எல்' அடித்திருக்கிறேன்! அது என்னவென்று தெரியாத கம்ப்யூட்டர் அதைப் பூஜ்யமாக எடுத்துக் கொண்டுவிட்டது. மாற்றியதும் விளையாட்டு சரியாக ஓடியது.

"எப்படிம்மா கண்டுபிடிச்சே?" என்றான். நான்கு நாள் பேசாத பிள்ளை!

அதோடு நிற்கவில்லை. முதலில் 50, பிறகு 25 அல்லது 75 என்று பாதி பாதியாகக் கேட்டால் ஏழு தடவைக்குள் எந்த எண்ணையும் பிடித்துவிடலாம் என்று அவனே பேப்பரில் கணக்குப் போட்டுக் காட்டினான். 38 மார்க் பிள்ளைதான்!

அந்தப் பத்திரிகைகளில் பல இன்று இல்லை. அடித்து எழுத முடியாத அளவுக்கு விளையாட்டுகள் பெரிதாகிவிட்டன. இதழோடு கேசட்டும், பிறகு சி.டி.யும் கொடுத்துப் பார்த்தார்கள். இணையம் வந்து எல்லாச் செய்தியையும் இலவசமாகக் கொடுத்துவிட்டது. 'கிரியேட்டிவ் கம்ப்யூட்டிங்' 1985-லும், 'பைட்' அச்சு இதழ் 1998-லும், 'நின்டெண்டோ பவர்' 2012-லும் நின்றன.

என் மகன் ஒரே நாளில் திருந்திவிட்டான் என்று சொல்லமாட்டேன். போன் இன்னும் ராத்திரி பீரோவில்தான். ஆனால் சாயங்காலம் ஒரு மணி நேரம் விளையாடலாம், அதில் பத்து நிமிஷம் எனக்கும் காட்டவேண்டும் என்று ஒப்பந்தம் செய்திருக்கிறோம். எனக்குப் பாதி புரிவதில்லை. கேட்டால் சொல்லித் தருகிறான், அதுவும் எரிந்து விழாமல்.

சகோதரிகளே, பிள்ளையிடமிருந்து போனைப் பிடுங்கும் முன் ஒரு தடவை பக்கத்தில் உட்கார்ந்து, "இது என்னடா?" என்று கேட்டுப் பாருங்களேன்.