ட்ரோ கேட்டார், கொடுக்கவில்லை

சனி இரவு, தம்புள்ளை

பொருளாதார மத்திய நிலையத்தில் விடியும்வரை லொறிக் கணக்கு. அங்கிருந்து நேரே ஆட்டத்துக்குப் போனேன். எதிரே சிங்களக் கணித ஆசிரியர் ஒருவர். இருவருக்கும் 1600ஐ ஒட்டிய ரேட்டிங். ஆளுக்கு 90 நிமிடம், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 30 விநாடி கூடுதல்.

லண்டன் முறையில் தொடங்கினேன், எழுத ஒன்றுமில்லை. ராணிகள் போயின, குதிரைகள் போயின. கடைசியில் ஆளுக்கொரு கோட்டை, என்னிடம் மட்டும் ஒரு சிப்பாய்.

காயை நகர்த்திவிட்டு, கடிகாரத்தை அழுத்துமுன் முறைப்படி கேட்டார்: “மல்லி, ட்ரோ?” (சிங்களத்தில் மல்லி என்றால் தம்பி.) பதில் சொல்லாமல் காயைத் தொட்டேன். விதிப்படி அதுவும் மறுப்புத்தான்.

என் சிப்பாய் டி5இல், அரசன் இ5இல். அவருடைய அரசன் டி8இல். அவர் கோட்டை ஆறாம் வரிசையில் இரவுக் காவலாளி மாதிரி இங்கும் அங்கும் நடந்தது; என் அரசனுக்கு வழியில்லை. சிப்பாயை டி6க்குத் தள்ளினேன். உடனே கோட்டை முதல் வரிசைக்கு இறங்கிப் பின்னாலிருந்து செக், மறுபடி செக். என் அரசன் ஒளிய இருந்த ஒரே கட்டத்தில் இப்போது என் சிப்பாயே நிற்கிறது. ட்ரோ.

“தெரிஞ்சும் ஏண்ணே இழுத்தீங்க?” என்றான் பக்கத்து மேசைப் பையன்.

ஞாயிறு

அந்தத் தற்காப்பை 1777இலேயே எழுதிவைத்தவர் பிலிடோர், பிரெஞ்சு இசையமைப்பாளரும்கூட. ஆசிரியருக்கு அது மனப்பாடம். இருக்கட்டும், நான்காம் மணி நேரத்தில், கையில் அரை நிமிடத்தோடு ஒருமுறை செய்து காட்டட்டுமே!

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலகச் சாம்பியன் போட்டி 6.5–6.5 என்று நின்றது. 14ஆவது ஆட்டத்தில் சவாலிட்ட இந்தியர் குகேஷுக்கு இருந்ததும் ஒரு சிப்பாய் கூடுதல்தான். அப்போதைய சாம்பியன் டிங் லிரென் தாக்குப்பிடித்திருக்கலாம். குகேஷ் விடவில்லை. 55ஆவது நகர்த்தலில் டிங் கோட்டையை எஃப்2க்குக் கொண்டுபோனார். கோட்டைகள் வெட்டுப்பட்டன, அடுத்து மந்திரிகளும் வெட்டுப்பட்டாக வேண்டிய நிலை. மிஞ்சும் சிப்பாய் ஆட்டம் தோல்வி. 58ஆவது நகர்த்தலோடு பட்டம் 18 வயதுப் பையனிடம் வந்தது. இப்படியா பட்டம் முடிவாவது என்று முன்னாள் உலகச் சாம்பியன் கிராம்னிக்கே குறைபட்டார். எனக்கு அதில் உடன்பாடில்லை. மணிக்கணக்காக நெருக்கினால்தான் அந்தக் கோட்டை எஃப்2க்குப் போகும்.

பக்கத்து மேசைப் பையனைக் கடையடியில் கண்டபோது இதைச் சொன்னேன்.

“அப்போ சேர் பிழை விடுவார்னு காத்திருந்தீங்களா?”

ஆமாம். நான் அவசரப்பட்டுக் கோட்டையைக் கொடுப்பேன் என்று அவரும் காத்திருந்திருப்பார்.