வேறு ஊர் முத்திரை

கொலம்பஸிலிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 120 கிலோமீட்டர் போனால் ஏதென்ஸ். மகள் காரை ஓட்ட, நான் ஜன்னல் பக்கம் வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தேன். முதல் பாதி வழி நம் டெல்டாவைப் போலச் சமதரை. நெல் இருக்க வேண்டிய இடத்தில் மக்காச்சோளம், அவ்வளவுதான். லங்காஸ்டர் என்ற ஊர் தாண்டியதும் நிலம் சட்டென்று மேடும் பள்ளமுமாகி, காடு இரண்டு பக்கமும் நெருங்கி வந்தது.

"பனியுகத்துல பனிப்பாறை இந்தப் பக்கம்தான் வந்து நின்னுதாம்பா. அது தேய்ச்ச இடமெல்லாம் சமதரை, தேய்க்காத இடமெல்லாம் மலை" என்றாள்.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், அப்பலாச்சியன் மலையடிவாரத்தில், கிரேக்கத் தலைநகரின் பெயரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது இந்தச் சின்ன ஊர். செங்கல் பாவிய தெருக்கள். ஊரை ஒட்டி வளைந்து ஓடும் ஹாக்கிங் ஆறு. 1804-இல் தொடங்கிய ஒஹாயோ பல்கலைக்கழகம்தான் ஊருக்கு உயிர். மகள் அங்கே ஆராய்ச்சி மாணவி.

"மத்தவங்க அப்பா வந்தா நயாகரா போகணும்பாங்க. நீங்க மட்டும்தான் லைப்ரரிக்குக் கூட்டிட்டுப் போன்னு நிக்கிறீங்க."

காரணம் இருந்தது. நான் சீர்காழிப் பக்கத்துக் கிளை நூலகம் ஒன்றில் முப்பத்தொரு வருஷம் நூலகராக இருந்தவன். புத்தகக் கட்டு வந்து இறங்கினால் முதல் வேலை முத்திரை குத்துவது. தலைப்புப் பக்கத்தில் ஒன்று, கடைசிப் பக்கத்தில் ஒன்று, இடையில் ரகசியப் பக்கத்தில் ஒன்று. யாராவது முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் கிழித்துவிட்டுப் புத்தகத்தைத் தனதாக்கிக்கொண்டாலும் இந்த நடுப்பக்க முத்திரை காட்டிக்கொடுத்துவிடும். என் நூலகத்தில் அது 31-ஆம் பக்கம். உதவியாளருக்குத் தவிர வேறு யாருக்கும் சொன்னதில்லை. முத்திரை ஆனதும் சேர்க்கைப் பதிவேட்டில் ஏற்றி, அட்டை எழுதி, அடுக்கில் வைப்பேன். ஒரே நாவல் ஒரே வாரத்தில் மாவட்டத்தின் எல்லாக் கிளைகளுக்கும் போயிருக்கும். எல்லாக் கிளையிலும் ஒரு நூலகர் உட்கார்ந்து அதே தலைப்பையும் அதே ஆசிரியர் பெயரையும் அதே பக்க எண்ணிக்கையையும் எழுதிக்கொண்டிருப்பார். அதை அபத்தம் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. அதுதானே வேலை!

அது அபத்தம்தான் என்று முடிவு கட்டிய ஊருக்குத்தான் இப்போது வந்திருந்தேன்.

ஆல்டன் நூலகம் ஏழு மாடிக் கட்டடம். சரிவில் கட்டியிருப்பதால் வாசல் வழியே உள்ளே நுழைந்தால் நேரே நான்காவது மாடியில் நிற்கிறோம். மூன்று மாடிகள் காலுக்குக் கீழே. கதவருகே யாரும் பையை வாங்கி வைக்கவில்லை, பெயர் எழுதச் சொல்லவும் இல்லை. மகளுக்குப் பழக்கமான நூலகர் அம்மாள் ஒருவர், ஓய்வுக்கு நெருங்கிய வயது, சுற்றிக்காட்ட வந்தார். நானும் நூலகர் என்றதும் அவர் கைகுலுக்கிய விதமே மாறியது. உலகத்தில் எங்கே போனாலும் போஸ்ட்மேனுக்குப் போஸ்ட்மேன், நூலகருக்கு நூலகர்.

1971 ஆகஸ்ட் 26 அன்று இந்த நூலகத்தில்தான் கணினித் திரையின் முன் உட்கார்ந்து, தொலைபேசிக் கம்பி வழியே கொலம்பஸில் இருந்த பொதுக் கணினியோடு பேசி, முதன்முதலாக நேரடியாகப் புத்தகங்களைப் பட்டியலிட்டார்கள். அந்த முதல் நாளில் முடிந்தவை 133 புத்தகங்கள்.

அதற்கு நாலு வருஷம் முன்னால், 1967-இல், ஒஹாயோவின் 54 கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து 'ஒஹாயோ கல்லூரி நூலக மையம்' என்ற பொது அமைப்பைத் தொடங்கின. சுருக்கமாக ஓ.சி.எல்.சி. அதை நடத்த யேல் பல்கலைக்கழக நூலகத்திலிருந்து வந்தவர் ஃபிரெடரிக் கில்கோர். அவருடைய யோசனை குழந்தைக்கும் புரியும். ஒரு புத்தகத்தை 54 நூலகங்கள் வாங்கினால் 54 பேர் ஏன் அதற்கு அட்டை எழுத வேண்டும்? முதலில் வாங்கியவர் எழுதிப் பொதுக் கணினியில் வைக்கட்டும். மற்ற 53 பேரும் அதைப் பார்த்து 'எங்களிடமும் இருக்கிறது' என்று ஓர் அடையாளம் போட்டால் போதும். அவரவர் நூலகத்துக்கு வேண்டிய அட்டைகளைக் கணினியே அச்சிட்டு, அகரவரிசைப்படி அடுக்கியும் அனுப்பிவிடும்.

இதில் நுட்பமான லாபம் ஒன்று ஒளிந்திருக்கிறது. வேலையை மிச்சம் பிடிக்கப் போட்ட அந்த அடையாளமே, எந்தப் புத்தகம் எந்த ஊரில் இருக்கிறது என்று சொல்லும் வரைபடமாகிவிட்டது. அட்டைச் செலவைக் குறைக்கக் கூடியவர்கள், கூடவே ஒருவர் அலமாரியை இன்னொருவர் பார்க்கும் வழியையும் திறந்துவிட்டார்கள்.

முதல் வருஷத்தில் ஆல்டன் நூலகம் பட்டியலிட்ட புத்தகங்கள் மூன்றில் ஒரு பங்கு கூடின. அந்த வேலைக்கான பணியிடங்களில் 17 குறைந்தன. அம்மாள் இதைப் பெருமையாகத்தான் சொன்னார். எனக்கு ஒரு கணம் அடிவயிறு இழுத்துப் பிடித்தது. நான் அந்தப் பதினேழில் ஒருவனாக இருந்திருப்பேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஓ.சி.எல்.சி. பிறகு உலகத்துக்கே பொதுவாகிவிட்டது. கொலம்பஸை ஒட்டிய டப்ளின் என்ற ஊரிலிருந்து இயங்குகிறது. அதன் உலகப் பட்டியலில் இன்று 50 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள். எத்தனையோ நாடுகளில் புத்தகங்களின் முதுகில் ஏறியிருக்கும் டூயி தசமப் பகுப்பு முறையும் 1988 முதல் அவர்கள் கையில். கடைசி அட்டையை 2015 அக்டோபர் 1 அன்று அச்சிட்டு நிறுத்தினார்கள். அதுவரை அச்சிட்டவை 190 கோடி அட்டைகள். என் வாழ்நாளில் நான் எழுதியதை இந்தக் கணக்கில் எந்தத் தசம ஸ்தானத்தில் வைப்பது!

"ஏதாவது புத்தகம் கேளுங்கப்பா, எடுத்துத் தரேன்" என்றாள் மகள். இது ஒரு விளையாட்டு என்று நினைத்து, கொஞ்சம் குறும்பாகவே, எஸ்.ஆர். ரங்கநாதனின் 'நூலக அறிவியலின் ஐந்து விதிகள்' நூலின் முதல் பதிப்பைக் கேட்டேன். சென்னை நூலகச் சங்கம் 1931-இல் வெளியிட்டது. ரங்கநாதன் எங்கள் சீர்காழிக்காரர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் ஆனவர். விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948-இல் சென்னை மாகாணத்தில் வந்ததற்குப் பின்னால் நின்றவர். பிற்காலப் பதிப்புகளைப் படித்துப் பரீட்சை எழுதியிருக்கிறேன். முதல் பதிப்பைக் கையால் தொட்டதில்லை.

அவள் கைப்பேசியில் தட்டினாள். இன்னொரு ஊரில் இருந்தது. இன்னொரு தட்டு. "மூணு நாலு நாள்ல வந்துடும்."

அவள் தட்டிய வலையின் பெயர் ஒஹாயோலிங்க். அதன் கதையும் செலவுக் கணக்கில்தான் தொடங்குகிறது. 1980-களில் மாநிலத்துப் பல்கலைக்கழகங்கள் ஒவ்வொன்றும் 'நூலகத்தில் இடமில்லை, புதுக் கட்டடத்துக்குப் பணம் கொடுங்கள்' என்று அரசிடம் வந்து நின்றன. எல்லோருக்கும் கட்டிக் கொடுத்தால் கஜானா தாங்காது. உயர்கல்வி வாரியம் ஒரு குழுவை அமைத்தது. 1987-இல் அந்தக் குழு, கேட்ட கேள்வியை விட்டுவிட்டு வேறு கேள்விக்குப் பதில் சொன்னது. அதிகம் புழங்காத புத்தகங்களுக்கு வட்டாரத்துக்கு ஒன்றாகச் சேமிப்பகம் கட்டுங்கள். எல்லா நூலகங்களையும் ஒரே மின்பட்டியலில் இணையுங்கள் என்றது. 1992-இல் பட்டியல் உயிர்பெற்றது. இன்று ஏறத்தாழ 90 கல்வி நிறுவனங்களின் நூறுக்கும் மேற்பட்ட நூலகங்கள், மாநில நூலகம் உட்பட, அதற்குள் இருக்கின்றன. பெரிய அரசுப் பல்கலைக்கழகமும் சின்னத் தனியார் கல்லூரியும் ஒரே வரிசையில்.

சேமிப்பகங்கள் ஐந்து. இத்தகைய கிடங்குகளில் புத்தகங்களைப் பொருள்வாரியாக அடுக்குவதில்லை, அளவு பார்த்து அடுக்குகிறார்கள் என்றார் அம்மாள். உயரம் ஒத்த புத்தகங்களைத் தட்டில் சேர்த்து, பட்டைக்கோடு ஒட்டி, கூரை எட்டும் அடுக்கில் ஏற்றிவிடுகிறார்கள். வேதியியலுக்குப் பக்கத்தில் சமையல், அதற்குப் பக்கத்தில் பைபிள் விளக்கம். புத்தகம் எங்கே இருக்கிறது என்று கணினிக்கு மட்டும்தான் தெரியும். பொருளை அக்கு அக்காகப் பிரித்துக் கோலன் பகுப்பு கண்ட எங்கள் ரங்கநாதன் இதைப் பார்த்திருந்தால் முதலில் திகைத்திருப்பார். பிறகு, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்ற தன் நாலாம் விதியை நினைத்துச் சமாதானம் ஆகியிருக்கவும் கூடும்.

எனக்குப் பெரிய அதிசயமாகப் பட்டது இதழ்களின் கணக்கு. 1990-களில் ஆய்விதழ்களின் சந்தா வருஷத்துக்கு வருஷம் ஏற, ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியாகப் பேரம் பேசித் தோற்று, இதழ்களை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டிருந்தது. ஒஹாயோலிங்க் எல்லோருக்கும் சேர்த்துப் பேசியது. அவரவர் ஏற்கெனவே கட்டிவந்த சந்தாவோடு மாநிலமும் பணம் போட்டது. பதிலுக்கு, ஒரு பதிப்பகத்தின் மின்னிதழ்கள் அத்தனையும் எல்லா உறுப்பினருக்கும் திறந்தன. அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. மாணவர்கள் இறக்கிப் படித்த கட்டுரைகளில் பெரும்பகுதி, அவர்கள் கல்லூரி அதுவரை சந்தாவே கட்டியிராத இதழ்களில் வந்தவை. என் வாசகருக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும் என முப்பத்தொரு வருஷம் நம்பியிருந்தவனுக்கு இது கொஞ்சம் உறைத்தது. அலமாரியில் இருப்பதைத்தான் வாசகர் கேட்கிறார். இல்லாததை எப்படிக் கேட்பார்?

இதையே நாம் நாட்டளவில் 2025 ஜனவரியில் தொடங்கியிருக்கிறோம். 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 மின்னிதழ்கள் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கு. மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய். அம்மாளிடம் இதைச் சொன்னபோது அந்தத் தொகையைவிட, எத்தனை மாணவர்கள் என்ற கணக்கில்தான் அவர் கண்கள் விரிந்தன.

எல்லாம் சுமுகம் என்று அவர் சொல்லவில்லை. ஒரே மென்பொருள் என்றால் அதன் வருஷக் கட்டணத்தில் யார் எவ்வளவு தருவது? மாணவர் தலைக்கு இவ்வளவு என்றால் பெரியவருக்கு வலிக்கும். எல்லோருக்கும் சமம் என்றால் சின்னவர் தாங்கமாட்டார். எந்த மென்பொருளை வாங்குவது, பழையதை எப்போது விடுவது, தாமதத்துக்கு ஒரே விதி வைப்பதா என்று கூட்டம் மேல் கூட்டம். பொது நூலகங்களின் பாடு வேறு. மாநில வரியிலிருந்து ஒரு பங்கு வருகிறது. போதாதபோது உள்ளூர்க்காரர்களிடமே வாக்குக் கேட்டுச் சொத்துவரியில் கொஞ்சம் பெறுகிறார்கள். 2009-இல் மாநிலம் நூலக நிதியைப் பெரிதாக வெட்டப் பார்த்தபோது வாசகர்கள் தெருவுக்கு வந்து நின்றார்கள், வெட்டு சுருங்கியது. வீட்டுவரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரி என்று சட்டத்திலேயே எழுதிவைத்த ஊர்க்காரன் நான் என்றேன். "சட்டத்திலேயேவா?" என்று இரண்டு முறை கேட்டார். அந்தப் பத்துக் காசு வசூலாகி நூலகத்துக்கு வந்துசேரும் கதையை நான் விரிக்கவில்லை.

நாலாம் நாள் புத்தகம் வந்துவிட்டது.

நூல் பரிமாறும் மேசையில் மகளின் அடையாள அட்டையை ஒரு தட்டுத் தட்டி எடுத்துக் கொடுத்தார் ஒரு மாணவர். காசு கிடையாது, கையெழுத்தும் இல்லை. மாநிலத்தின் வடகோடியில் ஒரு சின்னக் கல்லூரியிலிருந்து, பிளாஸ்டிக் பெட்டியில் மற்றப் புத்தகங்களோடு வேனில் ஏறி வந்திருக்கிறது. 1931 அக்டோபரில் மன்னார்குடிப் பக்கம் கனகசபைப் பிள்ளை புத்தகங்களை மாட்டுவண்டியில் ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பினாரே, அந்த வண்டி ஞாபகத்துக்கு வந்தது. இந்தப் புத்தகமும் அதே வருஷத்துப் பிள்ளைதான்.

பழுப்பேறிய தாள். சென்னையில் வெளியான புத்தகத்தை மலைக்காட்டு ஏதென்ஸில், ஜன்னலுக்கு வெளியே மேப்பிள் இலைகள் சிவந்து உதிர்ந்துகொண்டிருக்க, முதல்முறை தொட்டேன். தலைப்புப் பக்கத்தில் அந்தக் கல்லூரியின் முத்திரை. பின்னட்டை உள்பக்கம் ஒட்டியிருந்த தேதிச்சீட்டில் ஏழெட்டுத் தேதிகள். கடைசித் தேதி 1979. அதற்கப்புறம் கணினி வந்திருக்கும், தேதி குத்தத் தேவை இருந்திருக்காது. இல்லை, யாருமே எடுக்காமலும் இருந்திருக்கலாம். அலமாரியில் இந்த இடத்தை அடைத்துக்கொண்டு, அந்த ஊரில் கேட்பாரில்லாமல், இத்தனை வருஷம் இதை வைத்திருந்தார்கள். என் நூலகத்தில் என்றால் கழிவுநீக்கப் பட்டியலில் என் கையாலேயே எழுதியிருப்பேன்.

"அப்பா, படிக்கிறீங்களா இல்ல தடவிப் பாக்கிறீங்களா?"

பதில் சொல்வதற்குள் கை தன் பழக்கத்தில் 31-ஆம் பக்கத்தைத் திருப்பியிருந்தது. சுத்தமாக இருந்தது. யார் முத்திரையும் இல்லை. அங்கிருந்தே படிக்க ஆரம்பித்தேன்.