கூடாதவற்றின் பட்டியல்

கிழக்குத் தாம்பரம் கேம்ப் ரோட்டிலிருந்து சேலையூர்ப் பக்கம் பிரியும் தெரு ஒன்றில், கீழே மாவு மில்லும் மேலே வாடகைக்கு விட்ட இரண்டு அறைகளுமாக ஒரு கட்டடம். மில் ஓயும் மதிய நேரத்தில்தான் மாடியில் வேலை தொடங்கும். சன்னலுக்குக் கம்பளி அடித்திருக்கிறார்கள். மின்சார ரயிலின் ஊதல் மட்டும் எப்போதாவது அதையும் மீறி உள்ளே வரும். அங்கே நாலைந்து பேர் சேர்ந்து ஒரு மொழியைச் செய்துகொண்டிருக்கிறார்கள், ஓர் ஒலி நாடகத் தொடருக்காக. கதை நடப்பது ஏரிகள் சூழ்ந்த கற்பனை நாட்டில். அந்த மக்கள் பேசுவது தமிழாக இருந்துவிடக் கூடாது, வெறும் உளறலாகவும் கேட்கக் கூடாது.

தமிழ்நாட்டில் இந்தத் தொழிலுக்கு முன்னோடி உண்டு. 2015இல் வெளிவந்த ‘பாகுபலி’ படத்தில் காலகேயர் என்ற எதிரிப் படையினர் பேசிய கிளிக்கி மொழியை உருவாக்கியவர் பாடலாசிரியர் மதன் கார்க்கி. ஏறத்தாழ 750 சொற்களும் 40 இலக்கண விதிகளும் கொண்டு அதை அமைத்தார். அதன் விதை, அவர் ஆஸ்திரேலியாவில் முனைவர் பட்ட ஆய்வு செய்த காலத்தில், தாம் பார்த்துக்கொண்ட குழந்தைகளுக்காக விளையாட்டாக உண்டாக்கிய மொழி. ‘மின்’ என்றால் நான்; அதைத் திருப்பிப் போட்ட ‘நிம்’ என்றால் நீ. 2020 பிப்ரவரி 21, உலகத் தாய்மொழி நாளன்று, கிளிக்கி தனக்கென வரிவடிவத்தோடு பொதுமக்களுக்கு அறிமுகமானது. சேலையூர் மாடியில் இருப்பவர்களில் பெரும்பாலோர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுக் கல்லூரி வாசலில் கிளிக்கி பேசித் திரிந்த தலைமுறை.

இலக்கணப் பொறுப்பு, மொழியியல் படித்த ஓர் இளம்பெண்ணுக்கு. சொல் அகராதியைக் காட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நீட்டிய நீளநோட்டின் முதல் பக்கத்தில் ‘கூடாது’ என்று தலைப்பிட்டிருந்தது.

“சொல்லு எவ்ளோ வேணாலும் அப்புறம் சேத்துக்கலாம் சார். எது வரக் கூடாதுன்னு மொதல்ல முடிவு பண்ணிட்டா பாதி மொழி முடிஞ்ச மாதிரி.”

யோசித்தால் தொல்காப்பியரும் இதைத்தான் செய்திருக்கிறார். ஒலிகள் நெஞ்சு, மிடறு, தலை, நா, பல், இதழ், மூக்கு, அண்ணம் என எட்டு இடங்களில் பிறப்பதைச் சொன்னதோடு, எந்த எழுத்து சொல்லுக்கு முதலில் வரும், எது வராது என்றும் வரையறுத்தார். ட, ர, ல, ழ, ள முதலானவை அந்த வரையறைக்கு வெளியே நின்றன. ரயிலும் லாரியும் வந்தபோது சிலர் முன்னால் ஓர் ‘இ’ சேர்த்து எழுதியதற்கு அந்த வேலிதான் காரணம். 2009இல் வந்த ‘அவதார்’ படத்துக்காகப் பால் ஃபிராமர் அமைத்த நாவி மொழியிலும் இப்படி ஒரு வேலி உண்டு: ஆங்கிலத்தில் சாதாரணமாகப் புழங்கும் பி, டி, ஜி ஒலிகளுக்கு அதில் இடமில்லை. ஒலி விடுபட்ட இடத்தில்தான் மொழிக்கு முகம் கிடைக்கிறது.

ஏரி நாட்டு மொழியில் விடுபட்டவை ப, ம, வ. அங்குள்ளவர்கள் நீருக்குள் மூழ்கித் தொழில் செய்பவர்கள். கரையேறிய பின்னும் பல்லிடுக்கில் கோரைத்தண்டைக் கடித்தபடியே பேசுவது வழக்கம். ஆகவே உதடு பட்டுப் பிறக்கும் மெய்யொலி எதுவும் கிடையாது. இது வெறும் கற்பனை அல்ல. வட அமெரிக்கப் பூர்வகுடிகளின் மோஹாக் மொழியிலும் இயல்பான சொற்களில் ப, ம போன்ற இதழொலிகள் இல்லை.

விதி எழுதுவது சுலபம். அதைப் பேசி உயிர் கொடுக்க வேண்டியவர், இருபது வருடமாக டப்பிங்கில் இருக்கும் ஓர் அம்மாள். கோரைத்தண்டுக்குப் பதில் ஜூஸ் ஸ்ட்ராவைக் கடித்துக்கொண்டு மைக் முன்னால் நிற்கிறார். தாயைத் தேடிக் குழந்தை கத்தும் காட்சி அன்றைக்கு.

“ஏம்மா, அம்மான்னு கத்தணும்னு எழுதியிருக்க. உன் மொழில ‘ம’வே கெடையாதே, நான் எப்டிக் கத்துவேன்?”

“‘ங’வ வெச்சுக் கத்துங்கக்கா.”

அவர் ஸ்ட்ராவைச் சரிசெய்துகொண்டு மூக்கும் தொண்டையும் சேர்ந்து அதிர ‘ஙா’ என்று இழுத்தார். ஒலிப்பதிவு செய்த பையன் ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தான். தாய்க்கு அந்த மொழியில் அதுவரை வேறொரு சொல் இருந்தது. அன்றோடு அதை அடித்துவிட்டு ‘ஙா’ என்று எழுதிக்கொண்டார்கள்.

நடிப்பவரின் வாய் இலக்கணத்தைத் திருத்துவது இந்தத் தொழிலில் பழைய வழக்கம். 1984இல் வந்த ‘ஸ்டார் ட்ரெக்’ மூன்றாம் படத்துக்காக மார்க் ஓக்ரண்ட் கிளிங்கான் மொழியை விரித்து அமைத்தார். செயப்படுபொருள் முதலில், பிறகு வினை, கடைசியில் எழுவாய் என்று மனித மொழிகளில் அரிதான வரிசையை வேண்டுமென்றே தேர்ந்தார். ஆனால் படப்பிடிப்பில் நடிகர்கள் பிசகிச் சொன்ன சிலவற்றை அவரே மொழிக்குள் ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

சொடுக்கொலிகளிலும் இதே கதைதான். நாக்கை அண்ணத்திலோ பல்லிலோ ஒட்டி, உள்ளிழுத்து, சட்டென்று விடும் ஒலி அது. தென்னாப்பிரிக்காவின் ஜூலு, கோசா மொழிகளில் இது க, ச போல ஒரு மெய்யெழுத்து. நமக்கும் அது தெரியாததல்ல. அனுதாபத்துக்கு உச்சுக் கொட்டுகிறோம். மாட்டை ஓட்டும்போது கடைவாயில் ‘டொக்’ என்கிறோம். பல்லி சொன்னால் தரையைத் தட்டிவிட்டு அதையே திருப்பிச் சொல்கிற பாட்டிகள் இருக்கிறார்கள். தமிழ் வாய் இந்த ஒலிகளையெல்லாம் வைத்திருக்கிறது, சொல்லுக்குள் மட்டும் விடுவதில்லை. ஏரி நாட்டில் அதற்கு அனுமதி உண்டு. ஆனால் ஒரு சொல்லில் ஒன்றுக்கு மேல் கூடாது. அந்த ‘கூடாது’ அந்த அம்மாள் போட்டது. “மூணு சொடுக்கு வரிசையா வந்தா மூச்சு எங்க வாங்கறது?” என்று ஒத்திகையிலேயே சண்டை பிடித்தாராம்.

ஒலிக்குத் தடைகள் போலவே, இலக்கணத்துக்குக் கட்டாயங்கள். எதைச் சொல்லாமல் தப்பிக்க முடியாது என்பது அங்கே கேள்வி. தமிழில் ‘வந்தான்’, ‘வந்தது’ என்று சொல்லும்போதே வந்தது உயர்திணையா அஃறிணையா என்று சொல்லியாக வேண்டும். ஏரி நாட்டில் ஏரியும் உயர்திணை, வற்றிப்போனால் அஃறிணையாகிவிடும். செம்பாக்கம், மாடம்பாக்கம், சிட்லபாக்கம் என்று ஏரிகளுக்கு நடுவே வளர்ந்தவர்களுக்கு இந்த விதி எங்கிருந்து வந்தது என்று விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு கட்டாயம், செய்தி கிடைத்த வழி. ‘வெள்ளம் வந்ததாம்’ என்றால் பிறர் சொல்லக் கேட்டது என்று நமக்குப் புரியும். ஆனால் தமிழில் அந்த ‘ஆம்’ பேசுபவர் விருப்பம். துருக்கி மொழியிலும் ஆண்டீஸ் மலைகளின் கெச்சுவாவிலும் இதற்கென்று விகுதிகள் உண்டு. ஏரி நாட்டில் கண்டது, கேட்டது, ஊகித்தது என்று மூன்று விகுதிகள். ஒன்று இல்லாமல் வினை முடியாது. 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் அடையாற்று வெள்ளம் புகுந்த இரவில் ‘ஏரி உடைஞ்சிடுச்சு’ என்று கைமாறிக் கைமாறி வந்த தகவல்களில் எது கண்டது, எது கேட்டது என்று தெரியாமல் தவித்ததைச் சொன்னார் அந்தப் பெண். நாடகத்தின் வில்லன் செய்யும் ஒரே குற்றமும் அதுதான்: கேட்டதைக் கண்ட விகுதியில் சொல்கிறான். கத்தி இல்லை, கொலை இல்லை. ஒரு விகுதி மாறியதில் ஊரே காலியாகிறது.

பிழைப்பைப் பற்றியும் கேட்டேன். டப்பிங்குக்குக் கால்ஷீட் கணக்கு, வசனத்துக்கு அத்தியாயக் கணக்கு, இசைக்குத் தனித் தொகை. இலக்கணத்துக்கு மட்டும் பட்ஜெட்டில் தலைப்பு இல்லை. ‘இதர செலவு’க்குள் டீ, பேட்டரி, ஆட்டோவோடு சேர்ந்து அதுவும் இருக்கிறது. தயாரிப்பாளர் கெட்டவர் அல்ல. அவர் காதில் விழுவது பேசப்பட்ட சொற்கள். அவற்றுக்குக் காசு தருகிறார். இந்தப் பெண்ணின் உழைப்பில் பெரும்பகுதி வராத ஒலிகளில் இருக்கிறது. தொடர் முழுக்க ஒரு ‘ம’ கூட வரவில்லை என்பதை எந்த நேயரும் எண்ணிப் பார்க்கப் போவதில்லை. ஆனால் ஒன்று தவறி வந்துவிட்டால் அந்த நாடு அங்கேயே பொய்யாகிவிடும். அடுத்த தொடருக்குப் பேச்சு நடக்கிறதாம். அதற்கு அவர் எழுதிக்கொடுத்த மதிப்பீட்டில், முதல் வரியிலேயே ‘இலக்கணம்’ என்று போட்டு எதிரே ஒரு தொகையும் எழுதியிருக்கிறார்.