வெங்காயப் பெட்டி

குசினி மூலையில் ஷொப்பிங் பேக்கோடு கிடந்த வெங்காயம் மூன்றாவது முறையும் அழுகிப் போனது. "ஓடாவிட வீட்டுல ஒரு பெட்டி இல்லயே" என்று உம்மா சொன்னா. வாப்பா கேட்டும் கேளாதவர் போல இருந்தார்.

நாற்பது வருடம் ஊருக்குக் கதவும் ஜன்னலும் செய்தவர். இரண்டு வருடங்களுக்கு முன் பாரிசவாதம் வந்து வலக்கை இயங்காமல் போனது. அதற்குப் பிறகு தன் சாமான் பெட்டியைத் திறந்ததே இல்லை. கட்டிலுக்குக் கீழ் துருப்பிடிக்கிறதே என்று நாங்கள் ஒருவரிடம் விலை பேசி வைத்திருந்தோம். ஞாயிறு வந்து எடுப்பதாகச் சொன்னார். வாப்பாவிடம் சொல்ல எங்களுக்குத் தைரியம் வரவில்லை.

சனிக்கிழமை, கடைசியாக ஒருக்கா அந்தச் சாமான்களைப் பாவிப்போம் என்று நினைத்தோம். டைல்ஸ் கடைக்குப் பின்னால் கழித்துப் போட்டிருந்த இரண்டு பெலட்டைக் கேட்டு வாங்கி வந்தோம். பெலட்டில் எச்.டி. என்று முத்திரை இருந்தால் சூடேற்றிப் பதப்படுத்தியது. எம்.பி. என்றிருந்தால் மெதைல் புரோமைட் என்ற நச்சு வாயு அடித்தது; குசினிக்கு ஆகாது. எங்களுடையது எச்.டி.

இரண்டடி நீளம், மூன்றடி உயரம், இரண்டு தட்டு. மேலே வெங்காயம், காற்றோட அரை அங்குல இடைவெளி விட்டுப் பலகை. கீழே உருளைக்கிழங்கு, வெளிச்சம் பட்டால் பச்சையாகும் என்பதால் அடைத்த பலகை. இரண்டையும் ஒன்றாகப் போட்டால் சீக்கிரம் பழுதாகும். தரை கழுவும் தண்ணீர் படாமல் மூன்று அங்குலக் கால்.

கடதாசியில் எல்லாம் சரி. முதல் ஆணியிலேயே பலகை பிளந்தது. இரண்டாவதும் பிளந்தது. மூன்றாவதை எடுத்தபோது விறாந்தையிலிருந்து குரல் வந்தது.

"ஆணிட கூர மழுக்கிட்டு அடிங்க மகன்."

கூரைச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி அடித்தோம். பிளக்கவில்லை. கூரான ஆணி நாரை விலக்கிப் பிளக்கும், மழுங்கியது நாரை நசுக்கிக்கொண்டு இறங்கும் என்றார். பிறகு கதிரையை இழுத்து வந்து பக்கத்தில் அமர்ந்தார். "மூலைக்கு மூலை அளந்து பாருங்க, ரெண்டும் ஒண்டா வரணும்." அரை அங்குலம் பிழைத்திருந்தது. கழற்றித் திரும்ப அடித்தோம். கடைசியில் இடக்கையால் சீவுளியைப் பிடித்தார். நாங்கள் மறுபக்கம் பிடித்துக்கொண்டோம். மூடியின் ஓரம் அப்படித்தான் சீவப்பட்டது.

அஸருக்குப் பாங்கு சொன்னபோது பெட்டி நின்றது. வாப்பா சீவுளியைத் துணியால் துடைத்தபடி கேட்டார்:

"நாளைக்குத்தானே அவர் வாறார்?"

எங்களுக்கு நா எழவில்லை. எப்போதிருந்து தெரியும் என்றும் கேட்கவில்லை.

"எல்லாத்தயும் குடுங்க. இத மட்டும் வெச்சிட்டுக் குடுங்க."

அன்றிரவே அந்த மனிதருக்குக் கோல் எடுத்து மன்னிப்புக் கேட்டோம். நல்ல மனிதர், கோபப்படவில்லை. வாப்பாவிடம் மன்னிப்புக் கேட்கத்தான் நேரமெடுத்தது. அவர் "தேங்காய்க்கும் ஒரு பெட்டி அடிக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

பெட்டியின் ஒரு கால் கொஞ்சம் ஆடுகிறது. வெங்காயம் இதுவரை அழுகவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

உங்கள் வீட்டுக் கட்டிலுக்குக் கீழும் இப்படி ஒரு பெட்டி கிடந்தால், விலை பேச முன் உரியவரிடம் ஒருக்கா கேளுங்கள்.